மூன்று நிமிடம் முரண்டு பிடிக்கும் கம்ப்யூட்டர்: சீக்கிரம் கண் விழிக்க வைப்பது எப்படி?

பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால், பெங்களூர்த் தமிழர்களுக்கு நவம்பர் மாதத்திலேயே பரபரப்பு தொடங்கி விடும்.

ரெயில் டிக்கெட் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள் முன்னதாக, காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. (2024-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது.) பண்டிகைக் காலம் என்றால் எட்டு மணி அடித்த கொஞ்ச நேரத்துக்குள் மதுரை, நெல்லைப் பக்கம் போகும் வண்டிகளில் இடம் காலி. பிறகு "வெயிட்டிங் லிஸ்ட்"தான்.

அந்த நேரம் பார்த்து, எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்?

பட்டனை அழுத்துகிறார்கள். கம்பெனியின் முத்திரை வருகிறது. சின்ன வட்டம் ஒன்று சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"அண்ணே, இன்னும் வரலையா?"

"சுத்துது தம்பி. கொஞ்சம் பொறு."

பெயர் கேட்கும் பெட்டி வருவதற்குள் மணி எட்டைத் தாண்டி விடுகிறது. அதன் பிறகும் மெஷின் உடனே வேலைக்கு வராது. திரையில் படம் தெரியும்; மவுசை அசைத்தால் அம்பு நகரும்; ஆனால் எதைத் தட்டினாலும் பதில் இருக்காது. இன்னும் ஒரு நிமிடம். தட்கல் டிக்கெட்டுக்கும் இதே கதைதான். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. ஐந்து நிமிடம் தாமதித்தவருக்கு பஸ்தான் கதி.

பழசு என்பதுதான் காரணமா?

"மெஷின் பழசாகி விட்டது. வேறு வாங்கி விடுங்கள்." ரிப்பேர் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்.

அந்தப் பதிலுக்கு இப்போது இன்னொரு துணையும் கிடைத்திருக்கிறது. "விண்டோஸ் 10" ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்து வந்த வழக்கமான பராமரிப்பு, 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. 2021-ல் வந்த "விண்டோஸ் 11", இன்டெல் கம்பெனியின் எட்டாவது தலைமுறைக்கு முந்தைய சில்லுகள் உள்ள பெரும்பாலான மெஷின்களை ஏற்றுக்கொள்வது இல்லை. ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள்கூட எஸ்.பி. ரோட்டுக்கு, அதாவது சதர் பத்ரப்பா ரோட்டுக்கு, பழைய சாமானாகப் போய்ச் சேருகின்றன.

புதிது வாங்க வசதி உள்ளவருக்குக் கவலை இல்லை. சிவாஜி நகரில் ஒரு டைப்பிங் கடை, ஸ்ரீராமபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, அல்சூரில் மகளின் படிப்புக்காக செகண்ட் ஹாண்டில் ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கும் குடும்பம், இவர்களுக்கு ஒரு புதிய கம்ப்யூட்டர் என்பது இரண்டு மாத வீட்டு வாடகைக்கு மேல். அவர்கள் தூக்கிப் போடுமுன் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

கம்ப்யூட்டர் மெதுவாக விழிப்பதற்கு அதன் வயது ஒன்றே காரணம் அல்ல. விழிக்கும்போதே அதன் தலையில் எத்தனை மூட்டை ஏற்றுகிறோம், அதில் எத்தனை மூட்டை யாருக்குமே வேண்டாத மூட்டை என்பதைப் பொறுத்தது அது.

பூட்ஸ் வாரைப் பிடித்து...

கம்ப்யூட்டர் துவங்குவதை "பூட்" ஆவது என்கிறார்கள். காலில் போட்டிருக்கும் பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலப் பேச்சு வழக்கில் இருந்து வந்த சொல் இது. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மின்சாரம் வந்த கணத்தில் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியாது. உள்ளே போர்டில் ஒரு சிறு சில்லில் எழுதி வைத்திருப்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த பாடம். மெமரி இருக்கிறதா, கீ போர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று அது ஒவ்வொன்றாகப் பார்க்கும். பிறகு டிஸ்க்கில் இருந்து ஒரு குட்டிப் புரோகிராமை எடுக்கும். அந்தக் குட்டி போய், "கர்னல்" என்கிற பெரியவரை அழைத்து வரும். கர்னல் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாளைக் கூப்பிடுவார். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்த வேலையாளுக்கு எண் 1. மற்ற எல்லோரையும் எழுப்பி விடுவது அவன் பொறுப்பு.

இந்த "மற்ற எல்லோரும்"தான் சர்வீஸ்கள். திரையில் இவர்கள் முகம் தெரியாது. பின்கட்டில் இருந்து வேலை செய்வார்கள். பிரிண்டரைப் பார்த்துக்கொள்ள ஒருவர், இன்டர்நெட் இணைப்புக்கு ஒருவர், ப்ளூடூத்துக்கு ஒருவர், மணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவர், வைரஸ் காவலுக்கு ஒருவர். இவர்களைத் தவிர, நாம் வாங்கிப் போட்ட ஒவ்வொரு சாப்ட்வேரும் தன் பங்குக்கு ஒரு ஆளை வாசலில் நிறுத்தி விட்டுப் போகிறது. "எனக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்த ஆளின் ஒரே உத்தியோகம்!

நீராவி எஞ்சின் காலத்தில், ஆறிக் கிடக்கும் எஞ்சினில் நெருப்புப் போட்டு, ஆவி ஏற்றி, வண்டியில் பூட்டத் தயார் செய்யப் பல மணி நேரம் ஆகும். 1864-ல் ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரெயில் ஓடத் தொடங்கியது முதல், நீராவி எஞ்சின் இருந்த வரை இதுதான் நிலைமை. அங்கே தண்ணீர் கொதித்தாக வேண்டும், வேறு வழி இல்லை. கம்ப்யூட்டரில் கொதிக்க வேண்டியது எதுவும் இல்லை. பிறகு ஏன் மூன்று நிமிடம்?

கவுன்ட்டர் நாற்பது, கிளார்க் ஒருவர்

முதல் காரணம், பழைய மெஷின்களில் உள்ள சுழலும் ஹார்டு டிஸ்க்.

மேஜைக் கம்ப்யூட்டரில் உள்ள டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். அதாவது வினாடிக்கு 120. லேப்டாப்பில் பெரும்பாலும் 5,400 சுற்று. கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கும் முள் ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு நகர வேண்டும். நகர்ந்த பிறகு, வேண்டிய பகுதி சுழன்று தன் கீழே வரும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு தாவலுக்கு ஏறக்குறைய 12 மில்லி வினாடி ஆகி விடும். கணக்குப் போட்டால், வினாடிக்கு எண்பது தாவல், அவ்வளவுதான்.

நாற்பது சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் "என்னுடையதை எடு" என்று கேட்டால், முள் அங்கும் இங்கும் அலைந்தே பொழுதைக் கழிக்கும். கவுன்ட்டர் நாற்பது, கிளார்க் ஒருவர் என்ற கதைதான். படம் தெரிந்த பிறகும் ஒரு நிமிடம் மெஷின் திணறுவதற்கு இதுவே காரணம்.

"எஸ்.எஸ்.டி." எனப்படும் புது வகை டிஸ்க்கில் சுழல்வது எதுவும் இல்லை. அது வினாடிக்குப் பல ஆயிரம் தடவை படிக்கும். கையில் கொஞ்சம் காசு இருந்தால், வேறு எதையும் தொடுமுன் இதைத்தான் மாற்ற வேண்டும். மெஷினின் பெரும்பாலான மந்தம் அத்தோடு தீர்ந்து விடும். காசு இல்லை என்றால், அல்லது எஸ்.எஸ்.டி. போட்டும் மெஷின் முரண்டு பிடித்தால், மேலே படியுங்கள்.

இல்லாத விருந்தாளிக்காக 90 வினாடி

டிஸ்க்கை விடச் சுவாரசியமான காரணம் ஒன்று உண்டு. அது, காத்திருப்பு.

பழைய யூனிக்ஸ், லினக்ஸ் சிஸ்டங்களில் சர்வீஸ்கள் வரிசை எண் போட்டு ஒவ்வொன்றாகத் துவக்கப்பட்டன. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் ரெயில் ஓடுவதைப் போல. முன்னால் நிற்கும் வண்டிக்கு எஞ்சின் கோளாறு என்றால், பின்னால் வரும் எக்ஸ்பிரஸும் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையில் ஒரு சர்வீஸ் இன்டர்நெட்டை எதிர்பார்த்து நின்று, இன்டர்நெட் வராவிட்டால், அதன் பின்னால் உள்ள எல்லோரும் சும்மா நிற்பார்கள். டிஸ்க்குக்கு வேலை இல்லை, மூளைச் சில்லுக்கும் வேலை இல்லை. நேரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

இன்றைய லினக்ஸிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. முன்பு ஒரு இரண்டாவது டிஸ்க் மாட்டியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது கெட்டுப் போனது, கழற்றி விட்டார்கள். ஆனால் "எப்ஸ்டாப்" என்ற பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருக்கிறது. அடுத்த தடவை மெஷின் துவங்கும்போது அந்த டிஸ்க்கைத் தேடும். கருப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இப்படியும் அப்படியும் ஓடும். பக்கத்தில் ஒரு கடிகாரம் எண்ணிக்கொண்டிருக்கும். சரியாக ஒன்றரை நிமிடம்! அந்த 90 வினாடி என்பது யாரோ நிர்ணயித்து வைத்த கெடு. கெடு முடிந்ததும் "வரவில்லை" என்று எழுதி வைத்து விட்டு மேலே போகும். பல சமயம், பழுது பார்க்கும் நிலையில் போய் நின்றே விடும்.

வராத விருந்தாளிக்காகத் தினமும் இலை போட்டுக் காத்திருப்பது இது. மெஷின் பழசாகி விட்டது என்று முடிவு கட்டியவர் எத்தனை பேரோ! பட்டியலில் அந்த ஒரு வரியை நீக்கினால் போதும். சில சமயம் மாட்டி, சில சமயம் கழற்றும் டிஸ்க் என்றால், அந்த வரியில் "நோபெயில்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இரு என்று அதற்குப் பொருள்.

ஐந்தே வினாடியில்...

துவங்கும் நேரத்தைக் குறைப்பதற்கு உலகில் பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1983-ல் ஆப்பிள் கம்பெனியில் "மெக்கின்டாஷ்" கம்ப்யூட்டர் உருவாகிக்கொண்டிருந்த சமயம். லாரி கென்யன் என்ற என்ஜினீயரிடம் ஸ்டீவ் ஜாப்ஸ் போய், துவங்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். 50 லட்சம் பேர் இதைத் தினமும் துவக்கினால், ஆளுக்குப் பத்து வினாடி மிச்சப்படுத்தினாலும் அது பல மனிதர்களின் ஆயுளைக் காப்பாற்றியதற்குச் சமம் என்பது அவர் வாதம். அந்தக் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்பெல்ட் இதை எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால், தினம் 5 கோடி வினாடி. ஓர் ஆண்டில் அது ஏறத்தாழ 580 ஆண்டுக் காலம் ஆகிறது. வியாபாரியின் வாய்ச்சாலம் என்று தள்ளினாலும், கணக்கு பொய் இல்லை. கென்யனும் பத்து வினாடிக்கு மேலேயே குறைத்துக் கொடுத்தார்.

2004-ல் "பூட்சார்ட்" என்ற ஒரு புரோகிராம் வந்தது. எந்த சர்வீஸ் எத்தனை வினாடிக்கு எழுந்தது, எவ்வளவு நேரம் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று அது கோடு கோடாகப் படம் வரைந்து காட்டியது. ரெயில்வே கன்ட்ரோல் ஆபீசில் வண்டிகளின் ஓட்டத்தைக் கோடாக வரைவார்கள் அல்லவா, ஏறக்குறைய அதே மாதிரி. அது வரை அனுமானமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார்கள்.

2008-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரில் லினக்ஸ் வல்லுநர்களின் மாநாடு. இன்டெல் கம்பெனியின் அர்ஜன் வான் டி வென், ஆகே கோக் ஆகிய இருவர் "ஆசுஸ் ஈ பி.சி." என்ற மலிவு விலைக் குட்டி லேப்டாப் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார்கள். ஐந்தே வினாடியில் அது துவங்கியது!

அவர்கள் செய்த காரியம் நம் வீட்டுப் பெண்கள் மாதச் சம்பளத்தைப் பங்கு போடுவதைப் போன்றது. "முடிந்த வரை குறைப்போம்" என்று அவர்கள் புறப்படவில்லை. மொத்தமே ஐந்து வினாடி என்று முதலில் முடிவு செய்தார்கள். கர்னலுக்கு 1, ஆரம்ப வேலைகளுக்கு 1, திரைக்கு 1, மேஜைப் படத்துக்கு 2. அதற்குள் அடங்காதவர் எவரானாலும் திருந்த வேண்டும், அல்லது வெளியேற வேண்டும். அந்த மெஷினில் சுழலும் டிஸ்க் இல்லை என்பதையும் சொல்லி விட வேண்டும். நம் பழைய மெஷினில் ஐந்து வினாடியை எதிர்பார்ப்பது பேராசை.

பெங்களூருக்கு வந்து போனவர்

அடுத்த பெரிய மாற்றம் 2010-ல் வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் "சிஸ்டம்டி" என்ற புதிய முதல் வேலையாளை உருவாக்கினார்கள்.

பெங்களூருக்கு போட்டரிங் அன்னியர் அல்ல. இங்கே நடந்த "பாஸ் டாட் இன்" மாநாட்டுக்கு வந்து போனவர். 2001-ல் "லினக்ஸ் பெங்களூர்" என்ற பெயரில் தொடங்கிய அந்த மாநாட்டை நடத்தியவர்களில் முன் நின்றவர், இந்த ஊர்க்காரரான அதுல் சிட்னிஸ். 1996-ல் "பி.சி. க்வெஸ்ட்" பத்திரிகை இதழோடு லினக்ஸ் சி.டி.யைக் கொடுத்து, இந்தியாவில் பல ஆயிரம் பேருக்கு லினக்ஸை அறிமுகப்படுத்தியதும் அவருடைய முயற்சிதான். 2013-ல் அவர் காலமானார்.

சிஸ்டம்டி செய்த தந்திரம் என்ன?

ஆபீஸ் திறக்குமுன் வாசலில் ஒரு மனுப் பெட்டியை வைத்து விடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிளார்க் வரும் வரை நாம் நிற்க வேண்டியது இல்லை. மனுவைப் பெட்டியில் போட்டு விட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பதில் கட்டாயம் வேண்டும் என்கிறவர் மட்டும் நின்றால் போதும். சிஸ்டம்டியும் அப்படித்தான். எல்லா சர்வீஸ்களின் பெட்டிகளையும் முதலிலேயே வாசலில் வைத்து விடுகிறது. பிறகு எல்லோரையும் ஒரே சமயத்தில் எழுப்புகிறது. சிலரை எழுப்புவதே இல்லை. பெட்டியில் மனு விழுந்தால்தான் எழுப்புகிறது. பிரிண்ட் கொடுக்கும் வரை பிரிண்டர்காரர் தூங்கலாம். இந்த யோசனை 2005-ல் ஆப்பிள் கம்பெனி கொண்டு வந்த ஏற்பாட்டில் இருந்து எடுத்துக்கொண்டது என்பதை போட்டரிங் மறைக்கவில்லை.

2011-ல் "பெடோரா" லினக்ஸிலும், 2015-ல் "டெபியன்", "உபுன்டு" ஆகியவற்றிலும் இது முதல் வேலையாளாக அமர்ந்தது. சண்டை இல்லாமல் அல்ல. "ஒருவனே எல்லா வேலையையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறான்" என்று எதிர்த்தவர்கள், டெபியனில் இருந்து பிரிந்து "டெவுவான்" என்று தனிக் குடித்தனமே போய் விட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

காரிலும் இதே பிரச்சினை!

கார் பின்னால் நகரும்போது கேமரா படம் தெரிகிறது அல்லவா? அமெரிக்காவில் 2018-ம் ஆண்டு மே மாதம் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். ரிவர்ஸ் கியர் போட்ட இரண்டு வினாடிக்குள் படம் தெரிந்தாக வேண்டும் என்பது சட்டம். பின்னால் குழந்தை நின்றால் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் அது. காருக்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். பலவற்றில் ஓடுவது லினக்ஸ்தான். பாட்டுப் பெட்டியும் வரைபடமும் பிறகு விழிக்கட்டும், கேமரா முதலில் விழிக்க வேண்டும் என்று வரிசை அமைத்துக் கொடுப்பதே ஒரு தொழில். கார்களுக்கு சாப்ட்வேர் எழுதும் கம்பெனிகள் நம் கோரமங்கலாவிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கின்றன. கடைக்காரர் பழைய மெஷினில் செய்ய வேண்டியதும் சிறிய அளவில் இதே வரிசை வேலைதான்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் "டாஸ்க் மேனேஜர்" திறக்கும். அதில் "ஸ்டார்ட் அப்" என்று ஒரு பகுதி இருக்கிறது. மெஷின் விழித்ததும் யார் யார் ஓடி வருகிறார்கள் என்ற பட்டியல் அது. யாரால் எவ்வளவு தாமதம் என்று "ஹை, மீடியம், லோ" என்று எதிரிலேயே எழுதியிருக்கும். பாட்டு புரோகிராம், வீடியோவில் பேசும் புரோகிராம், என்றோ விற்று விட்ட பிரிண்டரின் புரோகிராம் ஆகியவற்றை அங்கேயே "டிஸேபிள்" செய்யலாம். அழிப்பது அல்ல, தானாக வராதே என்று சொல்வது மட்டுமே. வேண்டும்போது கூப்பிட்டால் வரும்.

சர்வீஸ்களின் பட்டியல் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே கைவைப்பவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "எம்.எஸ்.கான்பிக்" என்ற கருவியைத் திறந்து, மைக்ரோசாப்ட்டின் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தில் முதலில் டிக் அடித்து விடுங்கள். மிச்சம் தெரிவதெல்லாம் நாமாகக் கொண்டு வந்து சேர்த்தவை. வேண்டாதவற்றை அதில் நிறுத்தலாம். அறவே நிறுத்த மனம் வராவிட்டால், சர்வீஸ் பட்டியலில் "டிலேடு ஸ்டார்ட்" என்ற ஏற்பாடு உண்டு. மெஷின் துவங்கி ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து அது வேலைக்கு வரும்.

ஒரு சூட்சுமம். விண்டோஸ் 8 முதல், "ஷட் டவுன்" கொடுத்தாலும் மெஷின் முழுவதும் அணைவது இல்லை. கர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே நேரம் அளக்க வேண்டும் என்றால் "ரீஸ்டார்ட்" கொடுத்து அளக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் ஆகும் நேரம் அதற்குக் கிட்டத்தட்ட சமம். டிஸ்க் சோதனை வேறு சேர்ந்துகொண்டால் இன்னும் கூடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

தமிழக அரசு 2011-ம் ஆண்டு முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு "பாஸ்" என்ற லினக்ஸும் சேர்ந்து வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட லினக்ஸ் அது. ஊரில் இருந்து வேலை தேடி வந்த பிள்ளைகளோடு அந்த லேப்டாப்பும் பெங்களூர் வந்திருக்கும். அதை இன்னும் தூக்கிப் போடாதவர்கள், இலகுவான புதிய லினக்ஸ் ஒன்றை அதில் ஏற்றிப் பார்க்கலாம்.

சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் "சிஸ்டம்டி-அனலைஸ்" என்று தட்டினால், துவங்க எத்தனை வினாடி ஆனது என்று பிரித்துச் சொல்லும். அதோடு "பிளேம்" என்ற சொல்லைச் சேர்த்தால், யாரால் எவ்வளவு நேரம் என்ற பட்டியல் வரும். பிளேம் என்றால் பழி. ஆனால் பழி போடும் பட்டியலை அப்படியே நம்பி விடக் கூடாது. முப்பது வினாடி எடுத்துக்கொண்டவர் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக வேலை செய்திருக்கலாம். நான்கே வினாடி எடுத்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். யாருக்காக யார் காத்திருந்தார் என்பதைக் காட்டுவது "கிரிட்டிகல்-செயின்" என்ற இன்னொரு கட்டளை. அதைப் பார்த்து விட்டுத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

வழக்கமாக அகப்படுபவர்கள் சிலர் உண்டு. இன்டர்நெட் முழுமையாக வரும் வரை எல்லோரையும் நிறுத்தி வைக்கும் "வெயிட்-ஆன்லைன்" சர்வீஸ் அதில் முதல். சொந்த வீட்டு மெஷினில் இதை நிறுத்தினால் பெரும்பாலும் பாதகம் இல்லை. இணைப்பு பின்னால் தானாக வந்து சேரும். ஆபீசில் வேறு மெஷினில் உள்ள பைல்களைத் துவங்கும்போதே எடுக்க வேண்டியவர்கள் அதைத் தொடக் கூடாது. சிம் கார்டு போடும் டாங்கிள் இல்லாதவர்களுக்கு "மோடம் மேனேஜர்" வேண்டாம். பிரிண்டரே இல்லாத வீட்டில் "கப்ஸ்" எதற்கு?

பிரிண்டர் சர்வீஸை நிறுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. 2021-ம் ஆண்டு கோடையில் விண்டோஸின் "பிரிண்ட் ஸ்பூலர்" சர்வீஸில் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வழியாக வெளியார் உள்ளே புகுந்து மெஷினையே கைப்பற்ற முடியும் என்று தெரிந்தது. பிரிண்டர் தேவைப்படாத மெஷின்களில் அந்த சர்வீஸை நிறுத்தி விடும்படி அப்போது அறிவுரை கூறப்பட்டது. வேலை இல்லாமல் விழித்திருப்பவர் நேரத்தை மட்டும் விழுங்குவது இல்லை.

தொடக் கூடாதவர்கள்

வேகம் வேண்டும் என்று வைரஸ் காவலையும், "பயர்வால்" தடுப்பையும், விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து வினாடி மிச்சமாகும். பாங்கிக் கணக்குக்குப் பத்திரம் இருக்காது. ஆனால் இரண்டு கம்பெனிகளின் வைரஸ் காவல் ஒரே மெஷினில் இருந்தால் ஒன்றை எடுத்து விட வேண்டும். ஒவ்வொரு பைலையும் இரண்டு பேரும் சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

மணி பார்க்கும் சர்வீஸும் அப்படித்தான். அற்பம் என்று நிறுத்தி விடுவார்கள். பழைய மெஷினில் போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டு பின்னால் போய் விடும். தேதி தவறாக இருந்தால் பாங்கி, ரெயில் டிக்கெட் ஆகிய பக்கங்கள் "பாதுகாப்பு இல்லை" என்று திறக்க மறுக்கும். மெஷின் முப்பது வினாடியில் விழித்து என்ன பயன்?

பெயரைப் பார்த்தால் என்னவென்று விளங்காத சர்வீஸ் எதையும் தொடாமல் விடுவது உத்தமம். "டி-பஸ்", "யுடெவ்" போன்றவர்களை நிறுத்தினால் மெஷின் திரைக்கே வராமல் போகலாம்.

ஊரில் உலவும் கட்டுக் கதைகள்

விண்டோஸில் "ப்ரீபெட்ச்" என்ற பெட்டியை அழித்தால் மெஷின் வேகமாகும் என்று பலர் சொல்கிறார்கள். நடப்பது நேர்மாறு. துவங்கும்போது எதெது தேவை என்று மெஷின் கற்றுக்கொண்டு எழுதி வைக்கும் குறிப்புகள் அவை. அழித்தால் மறுபடி முதலில் இருந்து படிக்க வேண்டும்.

எம்.எஸ்.கான்பிக்கில் "பிராசசர் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நான்கு என்று போட்டால் வேகம் கூடும் என்பதும் கதைதான். எண்ணிக்கையைக் குறைத்துச் சோதனை செய்ய வைத்த கட்டம் அது. டிக் அடிக்காமல் விட்டால் மெஷின் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் தானே பயன்படுத்தும்.

"ஒரே கிளிக்கில் வேகம்" என்று விளம்பரம் செய்யும் சாப்ட்வேர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்றிய மறுநாள் ஸ்டார்ட் அப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அநேகமாக அதுவே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்!

வேலையைத் தொடங்குமுன் ஒரு நோட்டை எடுத்து, ரீஸ்டார்ட் கொடுத்தது முதல் பிரவுசர் திறந்து பக்கம் தெரியும் வரை ஆகும் வினாடியைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று தடவை அளப்பது நல்லது; முதல் தடவையும் மூன்றாவதும் ஒன்றாக இருக்காது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு சர்வீஸ். எதை, எந்தத் தேதியில் நிறுத்தினோம் என்று எழுதி வைத்து, இரண்டு நாள் கடையை வழக்கம் போல் நடத்திப் பார்க்க வேண்டும். ஒரே மாலையில் பதினைந்தை நிறுத்தி விட்டு, மறுநாள் ஸ்கேனர் ஓடவில்லை என்றால், பதினைந்தில் எது என்று தேட வேண்டி வரும். கவுன்ட்டரில் ஆதார் நகலோடு நிற்பவர் அது வரை காத்திருக்க மாட்டார். பக்கத்துக் கடைக்குப் போய் விடுவார்.